மதினி பெயரில் போன குழாய்

அத்தியாயம் 14

பட்டாசு ஆலை வேன் வந்து நின்று இரண்டாவது முறையாக ஹாரன் அடித்தது. ஜெயக்கொடி வாசலில் நின்றாளே தவிர ஏறவில்லை.

"ஏ ஜெயக்கொடிக்கா, சீசன் நேரத்துல லீவா? ஃபோர்மேன் இன்னைக்குச் சாமியாடப் போறாரு!" ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாள் சண்முகத்தாய்.

"ஆடட்டும். நீ பக்கத்துல நின்னு உடுக்கை அடி."

வேனுக்குள் பெண்கள் சிரித்தார்கள். சண்முகத்தாயின் கண், ஜெயக்கொடிக்குப் பின்னால் நின்ற ஜாஸ்பின் மேல் விழுந்தது.

"சிஸ்டர், எனக்கு ஒண்ணுமில்லைன்னு மெசேஜ் வந்துருச்சு. எங்க வீட்டுக்காரருதான் வாசிச்சுச் சொன்னாரு. 'எங்க மதினியே எடுத்துக் குடுத்துட்டாக'ன்னு நீங்க சொன்னதாலதான் எனக்குத் தைரியம் வந்துச்சு. இல்லேன்னா அந்தக் குச்சியத் தொட்டே இருக்க மாட்டேன்."

"சந்தோசம் சண்முகத்தாய்," என்றாள் ஜாஸ்பின்.

வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. எத்தனையோ பேரைத் தைரியப்படுத்திய அந்த ஒரு வாக்கியம் பொய் என்பது ஜாஸ்பினுக்கு மட்டும்தான் தெரியும்.

கணவன் மாணிக்கராஜ் விபத்தில் போனபின் ஆறு வருடமாகச் சாத்தூரில் அண்ணன் பெனிட்டோ வீட்டில்தான் ஜாஸ்பின் இருக்கிறாள். அண்ணன் மனைவி ஜெயக்கொடிதான் அவளுடைய மதினி. சிவகாசி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த வருடம் அவளைப் பட்டாசு ஆலைப் பெண்களுக்கான ஓர் ஆய்வில் போட்டிருந்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமி உடம்பில் இருக்கிறதா என்று பார்க்க, இனிமேல் ஒரு பெண், டாக்டர் முன்னால் படுக்க வேண்டிய அவசியம் இல்லை. நுனியில் மென்மையான பஞ்சு வைத்த குச்சியால் குளியலறையில் தானே மாதிரி எடுத்துக் குழாயில் போட்டு மூடிக் கொடுத்தால் போதும். டாக்டர் எடுப்பதற்கு ஏறக்குறைய ஈடாக அதுவும் கிருமியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்லிவிட்டன. கூச்சத்தை விட்டு நம் ஊர்ப் பெண்கள் எடுப்பார்களா என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் எடுக்கவில்லை. ஜாஸ்பின் தன் மதினியை உதாரணம் காட்டிய பிறகுதான் எடுத்தார்கள்.

*

பெனிட்டோ பிரஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். காலண்டர் ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரம். சாப்பாட்டுத் தூக்கை ஜெயக்கொடி நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். காலை இட்லியில் ஒன்றுகூட அவனுக்கு முழுதாக இறங்கவில்லை.

வாசலில் வண்டியை உதைக்கும் முன் தங்கையை அருகில் கூப்பிட்டான்.

"ஜாஸ்பின், டாக்டரு என்ன சொன்னாலும் மொதல்ல எனக்குப் போன் போடு."

"சரிண்ணே."

"அவள..." எதையோ சொல்ல வந்து விழுங்கினான். "பாத்துக் கூட்டிட்டுப் போ."

அவன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள் ஜாஸ்பின்.

பட்டாசு ஆலைக்குள் செல்போன் போகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் ஆய்வுக்குப் பெயர் கொடுத்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்காரர் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். ஜெயக்கொடி கொடுத்தது பெனிட்டோவின் நம்பர். போன வாரம் அந்த நம்பருக்குத்தான் செய்தி வந்தது. ஜெயக்கொடிக்குக் கிருமி இருக்கிறது, மேல்பரிசோதனைக்கு வரவும்.

போனை ஜாஸ்பின் முன்னால் நீட்டி, அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"இது எப்படித்தா ஒட்டும்?"

நர்ஸாகப் பதில் சொன்னாள். "தாம்பத்தியத்துலதாண்ணே."

அன்றைக்கு இருண்ட முகம் இன்னும் வெளுக்கவில்லை. நேற்று ஞாயிறு, சர்ச்சில் அப்பமும் திராட்சரசமும் தருகிற திருவிருந்து. ஜெயக்கொடி எழுந்து போய் முழங்காலிட்டாள். பெனிட்டோ பெஞ்சை விட்டு அசையவில்லை. மனத்தாங்கலோடோ குற்றத்தோடோ அந்தப் பந்தியில் சேரக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பெண்டாட்டி மேல் இருக்கிற சந்தேகத்தில்தான் அண்ணன் உட்கார்ந்துவிட்டான் என்று ஜாஸ்பின் நினைத்தாள்.

அவளும் எழுந்திருக்கவில்லை. அதைக் கவனிக்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

*

சிவகாசி பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. ஜெயக்கொடி ஜன்னலோரம். வழக்கமாகச் சாத்தூரில் வாயைத் திறந்தால் சிவகாசியில்தான் மூடுவாள். இன்றைக்கு வெளியே கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பயமா இருக்கா மதினி?"

"பயம் என்ன பயம். பத்து வருசமா வெடிமருந்துக்குப் பக்கத்துல இருந்து பாக்கெட் போடுதவளுக்கு."

"பெறகு ஏன் பேசாம வாறீக?"

"பேசுனா நின்னுருமா?" என்றாள் ஜெயக்கொடி. என்ன நிற்கும் என்று ஜாஸ்பின் கேட்கவில்லை.

மதினி குழாயைக் கொடுத்த அந்தக் காலைப்பொழுது மறுபடியும் ஜாஸ்பினின் கண்முன் வந்தது.

வாரக்கணக்கில் நழுவித் திரிந்துவிட்டு, ஒருநாள் வேன் வரும் நேரத்தில் ஜெயக்கொடி குளியலறைக்குள் போனாள். வந்து, பழைய கைக்குட்டையில் சுற்றிய குழாயை நாத்தனாரின் பையில் திணித்தாள். "இந்தா. இனிமே என் உசுர வாங்காத." சொல்லிவிட்டு ஓடிப்போய் வேன் ஏறிவிட்டாள்.

முகாமில் உட்கார்ந்து பையைத் திறந்தபோது கைக்குட்டை நனைந்திருந்தது. மூடி சரியாக ஏறவில்லை. மருந்துத் திரவம் முழுக்க ஒழுகி, குச்சி துணியில் ஒட்டிக் கிடந்தது.

அது முகாமின் கடைசி நாள். மாதிரிகளை மதுரை லேபுக்குக் கொண்டுபோகிற வண்டி வாசலில் நின்றது. மதினி ஆலைக்குள். போன் போட வழியில்லை. கெட்டுப்போயிற்று என்று குறித்து அனுப்பியிருக்கலாம். அதுதான் முறை. ஆனால் மதினி இன்னொரு முறை சம்மதிப்பாளா? மதினி கொடுக்கும் முன்பே 'மதினியே கொடுத்துட்டாக' என்று ஊர் முழுக்கச் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

புதுக் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு முகாமின் பாத்ரூமுக்குள் போனாள் ஜாஸ்பின். திரும்பி வந்து மதினியின் பெயர்ச்சீட்டை அந்தக் குழாயில் ஒட்டினாள்.

மதினிக்கு என்ன இருந்துவிடப் போகிறது, எனக்குத்தான் என்ன இருந்துவிடப் போகிறது. அவ்வளவுதான் நினைத்தாள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் குச்சியை நீட்டியவள், அதுவரை தனக்கென்று ஒன்றை எடுத்ததே இல்லை.

*

டாக்டர் பிரீத்திகாவுக்குச் சின்ன வயது. ஜெயக்கொடியைப் படுக்கவைத்துப் பேசிக்கொண்டே பரிசோதித்தார். வினிகர் போன்ற ஒரு திரவத்தைத் தடவி, பெரிதாக்கிக் காட்டும் கருவி வழியாக நிதானமாகப் பார்த்தார். ஜாஸ்பின் மதினியின் தலைமாட்டில் நின்றாள். மதினியின் விரல்கள் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டன. அந்தப் பிடி சுட்டது.

"சுத்தமா இருக்கும்மா. வெள்ளைத் திட்டு எதுவும் இல்லை. எழுந்திருங்க."

நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகு ஜெயக்கொடி கேட்டாள், "அப்ப கேன்சரு இல்லையா டாக்டர்?"

"இல்லவே இல்லை. கிருமி இருக்குன்னா புற்றுநோய்ன்னு அர்த்தம் இல்லை. நிறைய பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள தானாவே போயிடும். போகாம தங்கினாத்தான் கவனிக்கணும். அப்பவும் அது புற்றுநோயா மாறப் பல வருஷம் ஆகும். முன்னாலேயே பார்த்துட்டா, சின்ன சிகிச்சையோட அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். நீங்க ஒரு வருஷம் கழிச்சு வந்தாப் போதும்."

ஜெயக்கொடி முந்தானை நுனியைச் சுருட்டினாள். "இது... எப்ப ஒட்டியிருக்கும்னு தெரியுமா?"

"தெரியாது. யாராலேயும் சொல்ல முடியாது. வருஷக்கணக்கா உள்ளேயே தூங்கும். அதனால யாரு கொண்டு வந்தாங்கன்னு வீட்டுல விசாரணை வைக்காதீங்க."

"பத்துப் பதினஞ்சு வருசம்கூடத் தூங்குமா? எம்மக பொறக்கதுக்கு முந்தி?"

"இருக்கலாம்மா."

ஜெயக்கொடி தலையை ஆட்டினாள். தேடி வந்த சாமான் கடையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவளைப் போல.

"மகளுக்கு என்ன வயசு?"

"ஜெஸ்லினுக்கா? ஏழாப்பு படிக்கா."

"இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி இருக்கு, இப்பவே போட்டுடுங்க. அந்த வயசுல ஒரே ஒரு ஊசியே நல்ல பாதுகாப்புத் தருதுன்னு ஆராய்ச்சியில வந்திருக்கு. சிஸ்டர் சொல்லலையா?" டாக்டர் ஜாஸ்பினைப் பார்த்துச் சிரித்தார். "உங்க வீட்டுலேயே நர்ஸ் இருக்காங்க. நீங்க கொடுத்துவச்சவங்க."

ஜாஸ்பின் தரையைப் பார்த்தாள்.

*

ஆஸ்பத்திரி கேன்டீனில் டீயும் உளுந்த வடையும் வாங்கி மதினி முன்னால் வைத்தாள்.

இப்போது வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். மதினிக்கு ஒன்றுமில்லை. அண்ணனுக்கும் டாக்டர் சொன்னதையே சொல்லிவிடலாம். தனக்கு இருப்பதை மதுரையில் எங்காவது போய்ச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். வேலை நிற்கும், பேர் நிற்கும், சண்முகத்தாயின் நம்பிக்கையும் நிற்கும்.

ஆனால் மதினிக்கு இன்னும் யாருமே சோதனை செய்யவில்லை. கருவியில் சுத்தமாகத் தெரிந்தது சரி, அந்தக் கிருமி அவள் உடம்பில் இருக்கிறதா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. அண்ணனோ செய்யாத தப்புக்கு அவளைத் தள்ளிவைத்திருக்கிறான்.

ஜெயக்கொடி வடையைப் பிய்த்துப் பாதியை நாத்தனார் பக்கம் தள்ளினாள். "தின்னு. எனக்காகக் காலைல இருந்து பட்டினி கெடக்க."

அந்தப் பாதி வடையைத்தான் ஜாஸ்பினால் தாங்க முடியவில்லை.

"மதினி, அந்த மெசேஜு ஒங்களுக்கு உள்ளது இல்ல."

"என்ன?"

"நீங்க குடுத்த குழாய் ஒழுகிருச்சு. ஒங்ககிட்டத் திரும்பக் கேக்கப் பயந்துக்கிட்டு, நான் எனக்கு எடுத்து ஒங்க பேர ஒட்டி அனுப்பிட்டேன். அது என்னோடது."

கேன்டீனில் யாரோ பொங்கல் கேட்டுச் சத்தம் போட்டார்கள். ஜெயக்கொடி டீயைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டது ஜாஸ்பின் கொஞ்சமும் எதிர்பார்க்காத கேள்வி.

"மூடிய நான் சரியா மூடலியா?"

"மதினி..."

"வேன் ஹாரன் அடிச்ச அடியில அரக்கப்பரக்கத் திருகுனேன். எம்மேலயும் தப்பு இருக்கு, அப்ப."

"ஐயோ, தப்பு என்னோடது மதினி. நீங்க என்ன நாலு அறை அறைங்க. ஒங்க மேலயே போட்டுக்கிறாதீக."

"அறையிறேன். அது இருக்கட்டும்." ஜெயக்கொடி நிமிர்ந்தாள். "அப்ப அந்தக் கிருமி ஒனக்குத்தான?"

"ம்."

"காட்டுனியா?"

"இல்ல."

"ஏன்?"

"ஆறு வருசமாத் தாலி இல்லாதவ மதினி. இது எப்படி வந்துச்சுன்னு கேப்பாகளே. ஆஸ்பத்திரியிலயே நாலு பேரு நாலு விதமா..."

"ஏட்டி, இப்பத்தான அந்தப் பிள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு, வருசக்கணக்காத் தூங்கும்னு! எனக்குச் சொன்னது ஒங் காதுல ஏறலியா? ஊருக்கெல்லாம் பாடம் எடுக்க. ஒனக்குன்னு வந்தா ஒண்ணாங்கிளாசா?" குரலைத் தணித்துக்கொண்டாள். "மாணிக்கராஜ் தம்பி இருக்கையில வந்ததா இருக்கும். செத்தவுக மேல வழக்கா போடப் போறோம்? எந்தி. அந்த டாக்டரு கெளம்புததுக்குள்ள போவோம்."

ஜாஸ்பின் அழுதுவிட்டாள். குழாயை மாற்றியதற்காக மதினி திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"அங்க உண்மையத்தான் சொல்லப் போறேன் மதினி. குழாய மாத்துனத. வேலை போனாலும் போகட்டும். அண்ணன்கிட்டயும் இன்னைக்கே சொல்லிருதேன். ஒங்களச் சந்தேகப்பட்டுக்கிட்டுத் திருவிருந்துக்குக்கூட வராம உக்காந்துட்டாகளே..."

ஜெயக்கொடி சிரித்தாள். ஜாஸ்பின் அந்தச் சிரிப்பை இதற்கு முன் கேட்டதில்லை.

"சந்தேகமா? ஒங்க அண்ணன் எம்மேல சந்தேகப்பட்டு உக்காந்திருந்தாகன்னா நெனச்ச?"

"பெறகு?"

"நேத்து மத்தியானம் நீ டூட்டிக்குப் போன பெறகு அடுப்படியில வந்து நின்னாக. கறி கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. 'என்னாலதான் ஒனக்கு இது வந்துருச்சு, ஜெயக்கொடி'ன்னாக. கலியாணம் ஆன புதுசுல மஸ்கட் பிரஸ்ஸுல இருந்தாகள்ல? அங்கன ஒருத்தியாம். பேருகூடச் சொன்னாக. எனக்கு எதுக்கு அவ பேரு?" புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "சட்டிய எறக்கி வச்சுட்டுக் கேட்டேன். கேட்டு முடிச்ச பெறகு திரும்ப அடுப்புல ஏத்துனேன். பிள்ளை பசியோட இருந்தா."

மேசையின் விளிம்பை ஜாஸ்பின் பிடித்துக்கொண்டாள். காலையில் அண்ணன் விழுங்கிய வார்த்தை, முழுதாக இறங்காத இட்லி, பெஞ்சை விட்டு எழாத கால். அண்ணனும் தங்கையும் ஒரே பெஞ்சில், ஒரே பாரத்தோடு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். தான் ஒட்டிய ஒரு பெயர்ச்சீட்டு, இத்தனை வருடமாகப் புதைந்து கிடந்ததை அண்ணன் வாயிலிருந்து தோண்டி எடுத்துவிட்டது.

"நான் அப்படிச் செஞ்சிருக்காட்டி..." என்று தொடங்கினாள்.

"செஞ்சிருக்காட்டி அவுக சாகுற வரைக்கும் சொல்லிருக்க மாட்டாக. நானும் செத்தப்பெறகு கல்லறையில 'அன்பு மனைவி'ன்னு எழுதி வச்சிருப்பாக." ஜெயக்கொடி எழுந்தாள். "அது நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னும் தெரியல, ஜாஸ்பின். அதனால நீ ஒங்க அண்ணன்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. டாக்டருகிட்ட எல்லாத்தையும் சொல்லு. வீட்டுல மட்டும் அது எம்பேருலயே கெடக்கட்டும்."

"எம்புட்டு நாளைக்கு மதினி?"

"அத நான் சொல்லுதேன்."

*

ஓ.பி. வாசலில் சீட்டு எழுதுகிற பெண் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சிஸ்டர், திரும்ப வந்துட்டீக? மதினிக்கு ஏதும் விட்டுப்போச்சா? பேரு ஜெயக்கொடிதான?"

ஜாஸ்பின் வாயைத் திறப்பதற்குள் ஜெயக்கொடி முந்திக்கொண்டாள்.

"ரெண்டு சீட்டுப் போடும்மா. எனக்கு ஒண்ணு, அந்தக் குச்சி டெஸ்டுக்கு. இவளுக்கு ஒண்ணு. இவ பேரு ஜாஸ்பின். அவுகவுக பேரப் பாத்து எழுது."

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எத்தனையோ பெண்களை ஜாஸ்பின் இதே பெஞ்சில் உட்காரவைத்து, 'ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்' என்று சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அவளுக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. மதினியின் தோள் மட்டும் அவள் தோளோடு ஒட்டியிருந்தது.

அப்போது கையிலிருந்த போன் அடித்தது. திரையில் 'அண்ணன்'.

எதுவானாலும் முதலில் எனக்குச் சொல் என்று காலையில் கேட்டவன். பிரஸ் மெஷினின் இரைச்சலுக்கு வெளியே வந்து, ஏதாவது ஒரு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பான். உன் மனைவி சுத்தமாக இருக்கிறாள், வந்த செய்தி அவளுடையதே இல்லை என்று ஒரு வரி சொன்னால் அந்த மனிதன் மூச்சு விடுவான். அந்த வரியைச் சொல்லும் உரிமையைத்தான் சற்று முன்னால் மதினி பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

ஜாஸ்பின் மதினியைப் பார்த்தாள். மதினி திரையைப் பார்த்தாள்.

"ஜாஸ்பின்! உள்ள வாங்க!" அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அடித்துக்கொண்டிருந்த போனை மதினியின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். டாக்டர் பிரீத்திகா ஆச்சரியத்தோடு புருவத்தை உயர்த்தினார். "என்ன சிஸ்டர், நீங்களா?"

"ஆமா டாக்டர். மொதல்ல ஒண்ணு சொல்லணும். அதக் கேட்ட பெறகு என்னப் பரிசோதிக்கணுமா, வேலையை விட்டு அனுப்பணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

பின்னால் யாரோ திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். வெளியே போன் அடித்துக்கொண்டே இருந்தது கேட்டது.

சட்டென்று நின்றது.

மதினி அதைக் கட் பண்ணினாளா, காதில் வைத்தாளா என்று தெரியவில்லை.